மறைவுத் திகதி இல்லாத கதிரை

என் சின்னம்மா வங்கி வேலையை விட்டுவிட்டு, செத்துப்போனவர்களின் சாமான்களைச் சேர்க்கத் தொடங்கியபோது எனக்குப் பத்து வயது. எங்கள் வீட்டில் அந்தச் செய்தி அப்படித்தான் சொல்லப்பட்டது. தன் தங்கையைப் பற்றி யாராவது தொலைபேசியில் விசாரித்தால் அம்மா, "அவள் சமூக சேவை செய்யிறாள்" என்பார். தொலைபேசியை வைத்த பிறகு, "விசர்" என்பார். இரண்டும் உண்மை என்றுதான் எனக்குப் பட்டது.

அப்போது வெள்ளவத்தையில் எந்தத் தொடர்மாடியை எடுத்தாலும், பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாக இருக்கும் ஒரு கிழவனோ கிழவியோ இருப்பார்கள். பிள்ளைகளால் நினைத்த நேரம் வர முடியாது. அதனால் சாமான்களை அனுப்புவார்கள். வீல்செயர், வோக்கர், கொமட் கதிரை, தண்ணீர் மெத்தை, கைபிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும் கட்டில். அந்த மனிதர் கண்ணை மூடினால் முப்பத்தோராம் நாள் சடங்கு வரைக்கும் எல்லாம் ஒரு மூலையில் நிற்கும். அடுத்த நாளே யாருக்கும் அவற்றைப் பார்க்கப் பிடிக்காது. எறியவும் மனம் வராது, வைத்திருக்கவும் மனம் வராது. கடைசியில் லிஃப்ட் வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

இங்கிருந்து பஸ்ஸில் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் கொட்டாஞ்சேனை. அங்கேயும் ஜிந்துப்பிட்டியிலும், கால் விளங்காதவர்கள் பாயிலேயே கிடந்தார்கள். இது இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள்தான். ஆனால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து யோசித்த முதல் ஆள் சின்னம்மா. அதற்காக அவருக்கு விசர், பைத்தியம் என்ற பட்டம் கிடைத்தது.

அவர் எதையும் தானமாகக் கொடுப்பதில்லை. இரவலாகத்தான் கொடுப்பார். சும்மா கொடுத்தால் துருப்பிடிக்க விடுவார்கள், திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால் துடைத்து வைப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. கதிரை கொடுப்பதற்கு முதல் அந்த வீட்டுக்குப் போய், வாசல் அகலத்தை ஒரு சணல் நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு, வீட்டுக்காரரின் பெயரை ஒரு மட்டையில் எழுதி நூலில் கட்டிக்கொண்டு வருவார். கொட்டாஞ்சேனைப் பக்கத்து வாசல்கள் வெள்ளவத்தை வீல்செயர்களுக்காகக் கட்டப்பட்டவை அல்லவே. எங்கள் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்தில், சுவரில் அடித்த ஆணிகளில் அந்த நூல்கள் தொங்கும். புதிதாக ஒரு கதிரை வந்தால் அதன் அகலம் எந்த நூலுக்குள் அடங்கும் என்று பார்ப்பது என் வேலை. அந்த நிறுவனத்தின் இரண்டாவது பெரிய ஆள் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. மொத்தமே இரண்டு பேர்தான் என்பது வேறு விஷயம்.

மூன்றாவதாகச் சைக்கிள் பாஸைச் சொல்லலாம். கால்வாய்க்குப் பக்கத்தில் சைக்கிள் திருத்தும் சிங்கள மனிதர்; கைவேலை தெரிந்தவரை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். சில்லு, பிறேக் எல்லாம் அவர் கையில்தான் சரியாகும். பெயின்ற் வேலையும் தெரியும்.

சின்னம்மாவுக்கு இன்னொரு பிடிவாதம் இருந்தது. கதிரையில் யாருடைய பெயரும் எழுதக் கூடாது. நம்முடைய ஆட்களுக்கு உபயம் என்றால் பெயர் இருக்க வேண்டும். கோயில் ரியூப்லைற்றில் வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பெயர் எழுதுகிற பரம்பரை நாங்கள். கதிரை தந்தவர்கள் எல்லோரும் அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர் என்று கேட்பார்கள். சின்னம்மா சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவார். இருக்கப் போகிறவருக்கு அது முன்னம் யாருடையது என்று தெரியத் தேவையில்லை என்பார்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தொடர்மாடி நிர்வாகம் ஒரு கடிதம் தந்தது. மாத முடிவுக்குள் தரிப்பிடத்தைக் காலி செய்ய வேண்டும். யாரோ கார் வாங்கியிருக்கிறார்கள் என்று காரணம் எழுதியிருந்தது. உண்மையான காரணம் எனக்குத் தெரியும். காலையில் வேலைக்குப் போகும்போது வரிசையாகக் கொமட் கதிரைகளில் முழிக்க வேண்டியிருக்கிறது, முழிவியளம் சரியில்லை என்று மூன்றாம் மாடி மாமி லிஃப்டுக்குள் சொன்னதை நான் என் காதாலேயே கேட்டேன். வேறு இடம் தேடிச் சின்னம்மா வெள்ளவத்தை முழுக்க நடந்தார். என்ன வைக்கப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். இவர் உண்மையைச் சொல்வார். கதை அங்கேயே முடிந்துவிடும். இடம் கிடைக்காவிட்டால் சாமான்களெல்லாம் திரும்பவும் லிஃப்ட் வாசல்களுக்கே போக வேண்டும், சின்னம்மா வங்கிக்கே போக வேண்டும்.

அந்த நேரத்தில்தான் கனடாக்காரர் வந்தார்.

அடுத்த ஒழுங்கையில், கீழ்மாடி வீட்டில் இருந்த ஐயா ஒருவரின் ஒரே மகன். ஐயா இறந்து மூன்றாம் நாள்தான் அவரால் வந்து சேர முடிந்தது. அதுவரைக்கும் ஐயா, பிரேதம் வைக்கும் மலர்ச்சாலையில் காத்திருந்தார். மகன் கொள்ளி வைத்து, முப்பத்தொன்றும் முடித்து, திரும்பிப் போகும் கிழமையில் ஒரு வீல்செயரைத் தானே தள்ளிக்கொண்டு எங்களிடம் வந்தார். அப்படி ஒரு கதிரையை நான் அதுவரை கண்டதில்லை. பாரமே இல்லை, ஒரு கையால் மடிக்கலாம். எல்லாவற்றையும் விட அது ஒடுக்கமாக இருந்தது. நான் ஓடிப்போய் நூல்களை எடுத்துவந்து அளந்தேன். ஆறு மாதமாக எந்தக் கதிரையும் அடங்காமல் தொங்கிக்கொண்டிருந்த ஜிந்துப்பிட்டி நூலுக்குள் அது அடங்கியது.

கனடாக்காரர் எங்கள் தரிப்பிடத்தைச் சுற்றிப் பார்த்தார். சின்னம்மா இடப் பிரச்சினையைச் சொன்னார். தானும் தன் சிநேகிதர்களும் சேர்ந்து நிரந்தரமாக ஒரு இடம் எடுத்துத் தருவதாக அவர் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. கதிரையின் முதுகில் அப்பாவின் பெயர் இருக்க வேண்டும், அதன் கீழே தோற்றத் திகதியும் மறைவுத் திகதியும் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, கதிரையில் யாராவது இருக்கும்போது வந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போவார்.

சின்னம்மா என் கையில் இருந்த ஜிந்துப்பிட்டி நூலைப் பார்த்தார். பிறகு, "சரி அண்ணை" என்றார். அவர் யாருக்கும் அப்படி வளைந்து கொடுத்து நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

என் எழுத்து வடிவாக இருக்கும் என்பதால் கனடாக்காரர் சொல்லச் சொல்ல நான் ஒரு தாளில் எழுதினேன். மறைவுத் திகதிக்கு வந்ததும் அவர் நிறுத்தினார். "எனக்கு அப்பா போனது வியாழக்கிழமை, பிள்ளை. இஞ்ச வெள்ளி. இஞ்சத்தைய திகதியைப் போடுங்கோ" என்றார். இங்கே வெள்ளி விடிந்தபோது அங்கே வியாழன் பின்னேரமாம். ஒரே மனிதர் இரண்டு நாளில் சாகிறதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். எழுதி முடித்ததும் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கனடாவில் இருந்தவர்தானே, எழுத்துக்கூட்டி வாசிக்கிறார் என்று நினைத்தேன்.

பாஸ் அந்தத் தாளைப் பார்த்து, பூக் கீறுவதுபோல் ஒவ்வொரு எழுத்தாக நீல நிறத்தில் கீறினார். அவருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. அதனால்தானோ என்னவோ, ஒரு பிழையும் இல்லாமல் எழுதினார்.

சனிக்கிழமை காலை கதிரையை மடித்து ஓட்டோவில் வைத்துக்கொண்டு நானும் சின்னம்மாவும் ஜிந்துப்பிட்டிக்குப் போனோம். முருகன் கோயிலைத் தாண்டி ஒரு தோட்டம். தோட்டம் என்றால் மரம் செடி ஒன்றும் கிடையாது, இரண்டு பக்கமும் ஒற்றை அறை வீடுகள், நடுவில் ஒரு ஆள் நடக்க வழி. அங்கே, மொத்தக் கடைகளில் மூட்டை சுமந்த ஒருவர் இருந்தார். வெங்காய மூட்டை சரிந்து முதுகில் விழுந்த நாளில் இருந்து பாயில்தான் படுக்கை. அவர் முதலாளி நல்ல மனுசன். கடை வாசலில் உட்கார்ந்து, வருகிற லொறிகளின் நம்பரை எழுதுகிற வேலையை அவருக்காக வைத்திருந்தார். திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்று சொல்லியும் விட்டார்.

பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் அவரைத் தூக்கிக் கதிரையில் இருத்தினார்கள். அவர் தன் கையாலேயே சில்லைத் தள்ளினார். வாசல்நிலை இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளி விட்டு அவரை வெளியே அனுப்பியது. தண்ணீர்க் குழாய் வரைக்கும் போனார். தோட்டமே வெளியே வந்து பார்த்தது. அவருடைய மனைவி பின்னால் கைபிடியைப் பிடித்தபடி அழுதுகொண்டே நடந்தார். குழாயடியில் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அப்போதுதான் கதிரையின் முதுகை வாசித்தார்.

கைபிடியில் இருந்து அவர் கை எடுபட்டுவிட்டது. "மிஸ், இதுல செத்த தேதி போட்டிருக்குங்களே" என்றார். சின்னம்மா என்னென்னவோ விளங்கப்படுத்திப் பார்த்தார். அந்த அம்மா மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார், ஆனால் அசையவில்லை. "பேரு இருக்கட்டும் மிஸ். பெரிய மனுசன் பேருதானே. அந்தத் தேதி வேணாங்க. உசுரோட இருக்கிற மனுசனை அதுமேல எப்படிச் சாய வைக்கிறது?" என்றார். கதிரையில் இருந்தவர் சில்லில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்தார். அதே இரண்டு பேரும் அவரைத் தூக்கித் திரும்பப் பாயில் விட்டார்கள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பி வரும்போது மடித்த கதிரை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. சின்னம்மா அது சரியாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்கு அவரில் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. கனடாக்காரரின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம், பூட்டியிருந்தது. கல்கிசையில் சொந்தக்காரரிடம் சொல்லிக்கொள்ளப் போயிருக்கிறாராம். நாளைக்கு ஜிந்துப்பிட்டியில் வைத்தே உள்ளதைச் சொல்லப் போவதாகச் சின்னம்மா சொன்னார். அவர் கதிரையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாலும் பரவாயில்லையாம். பிறேக் கொஞ்சம் இழுக்கிறது என்று பாஸின் கடையில் கதிரையையும் அதற்குக் காவலாக என்னையும் விட்டுவிட்டு, இன்னொரு இடத்தைப் பார்க்கப் போனார்.

பாஸ் பிறேக்கைத் திருத்திக்கொண்டிருந்தார். நான் கதிரையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் இருக்கலாம் என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டார். தோற்றத் திகதியால் யாருக்கும் ஒரு கேடும் இல்லை. பிரச்சினை கடைசி வரி மட்டும்தான். படம் எடுக்கிறவர்கள் முன்னுக்கு நின்றுதான் எடுப்பார்கள், கதிரையின் முதுகை யார் படம் எடுக்கப் போகிறார்கள்? இடமும் கிடைக்கும், மனிதரும் வேலைக்குப் போவார். இவ்வளவு பெரிய ஆளாகிய சின்னம்மாவுக்கு இது ஓடவில்லையே என்று எனக்கு வியப்பாக இருந்தது.

கடைசி வரியைக் காட்டி, "பாஸ், மே பேளிய வெரதி" என்றேன். இந்த வரி பிழை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். பாஸ் பதறிப்போனார். தான் கீறியதில் பிழையா என்று கவலைப்பட்டு, தின்னரைத் துணியில் நனைத்து, மற்ற எழுத்துகளில் படாமல் அந்த வரியை மட்டும் துடைத்து எடுத்தார். சரியான எழுத்து என்னவென்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். வரி இருந்த இடத்தில் ஒரு மங்கல் மட்டும் மிஞ்சியது. தூசு படாமல் ஒரு பழைய படுக்கைவிரிப்பால் கதிரையை மூடிக் கட்டித் தந்தார்.

ஞாயிறு காலை அந்த விரிப்பை ஜிந்துப்பிட்டியில்தான் அவிழ்த்தோம். அந்த அம்மா நேரே பின்பக்கம் போய்ப் பார்த்தார். "அழிச்சிட்டீங்களா மிஸ், நீங்க நல்லா இருக்கணும்" என்று சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். சின்னம்மா குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கோயில் கோபுரத்தைப் பார்த்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள், கழுத்தில் கமராவைத் தொங்கவிட்டபடி கனடாக்காரர் தோட்டத்துக்குள் வந்துகொண்டிருந்தார்.

வெள்ளைச் சேட் போட்டு, தலை வாரி இழுத்திருந்த மூட்டை சுமந்தவரைப் பக்கத்து வீட்டு ஆட்கள் அவசரமாகத் தூக்கிக் கதிரையில் இருத்தினார்கள். கனடாக்காரர் அவரைக் கும்பிட்டார். கமராவில் கை வைத்தார். பிறகு, எடுக்காமல் அப்படியே சுற்றி நடந்து கதிரையின் பின்னால் போனார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் பெயரைப் பார்த்தார். அதன் கீழே பார்த்தார். மங்கலான இடத்தில் விரலை வைத்து மெல்லத் தடவினார்.

"அண்ணை, உங்களிட்ட நான் கேட்டிருக்க வேணும்" என்று சின்னம்மா தொடங்கினார். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கதிரையில் இருந்தவரிடம் குனிந்து, வசதியாக இருக்கிறதா என்று கேட்டார். "அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குங்க ஐயா" என்றார் அவர். தான் கொஞ்சத் தூரம் தள்ளலாமா என்று கனடாக்காரர் கேட்டார்.

தள்ளிக்கொண்டு போனார். தோட்டத்தைத் தாண்டி, கோயில் வாசலைத் தாண்டி, ஞாயிறு என்பதால் பூட்டிக்கிடந்த கடைகளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். நாங்கள் எல்லோரும் ஊர்வலம் மாதிரிப் பின்னால் நடந்தோம். வெயில் கூடவா, நிழல் பக்கமாகப் போவோமா என்று இடைக்கிடை குனிந்து கேட்பது எனக்குக் கேட்டது. அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். எங்களுக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஓட்டோவில் ஏறிப் போய்விட்டார். ஒரு படம்கூட எடுக்கவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. படம் இல்லையென்றால் இடமும் இல்லை. யார் அழித்தது என்று சின்னம்மா கேட்டார். கொஞ்சமும் யோசிக்காமல் பாஸைக் காட்டிக்கொடுத்தேன். தமிழ் தெரியாத மனிதர், பாவம், தானாகவே அழித்துவிட்டார் என்றேன். சின்னம்மா என்னைக் கனநேரம் பார்த்தார். "பாஸ் நல்ல வேலைக்காரன்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை.

திங்கள் மத்தியானம் கனடாக்காரர் பயணப் பையோடு எங்கள் தரிப்பிடத்துக்கு வந்தார். சின்னம்மா யாரோடோ தொலைபேசியில் இருந்தார். கனடாக்காரர் ஒரு வீட்டுத் திறப்புக் கோர்வையை என் கையில் வைத்தார். "சின்னம்மாட்டக் குடுங்கோ. சாமான் எல்லாத்தையும் அப்பாவின்ர வீட்டிலயே வையுங்கோ" என்றார். என் தலையில் கை வைத்தார். போய்விட்டார்.

அன்றைக்கே நான் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். அவருக்குத் தமிழ் வாசிக்க மறந்துபோய்விட்டது. திகதி இல்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை. என் திட்டம் நூற்றுக்கு நூறு வெற்றி. இதை வீட்டில் சொன்னபோது அதிகம் சிரித்தது அப்பாதான். அதன் பிறகு யார் வீட்டுக்கு வந்தாலும், "அந்தக் கனடாக்காரற்ற கதையைச் சொல்லு பிள்ளை" என்பார். நான் நடித்துக் காட்டுவேன்.

அந்தக் கீழ்மாடி வீட்டில் இருந்துதான் எல்லாம் வளர்ந்தது. இப்போது கொட்டாஞ்சேனையில் ஒன்று, கல்கிசையில் ஒன்று என்று எங்களுக்குக் களஞ்சியங்கள் இருக்கின்றன. சின்னம்மா ஓய்வெடுத்த பிறகு நான்தான் பொறுப்பு. நூல் அளவு இன்னும் இருக்கிறது. உபயகாரர் விஷயத்தில் மட்டும் அந்தக் கிழமையே சின்னம்மா சட்டத்தை மாற்றினார். பெயர் போடலாம், பிறந்த திகதி போடலாம், மற்றது கிடையாது. ஏன் என்று கேட்டால், முதுகில் இடம் காணாது என்பார்.

மூட்டை சுமந்தவர் பல வருடம் அந்தக் கதிரையில் இருந்து லொறி நம்பர் எழுதினார். அவர் காலமான பிறகு மனைவி அதைக் கழுவித் துடைத்துத் தானே கொண்டுவந்து தந்தார். தன் புருஷன் பெயரையும் பிறந்த திகதியையும் கீழே எழுதச் சொன்னார். அதற்குப் பிறகும் இரண்டு பேர் அதில் இருந்தார்கள், இரண்டு பெயர் ஏறியது. போன வருடம் அப்பாவுக்குக் கால் தளர்ந்தபோது, எங்களிடம் எத்தனையோ புதுக் கதிரைகள் இருக்க, அவர் அதைத்தான் கேட்டார். கனடாக்காரற்ற கதிரை என்றால்தான் ஏறுவேன் என்றார்.

எங்கள் வேலையைப் பற்றிப் பேச என்னை அடிக்கடி கூப்பிடுவார்கள். எங்கே போனாலும் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். போன வருடம் கனடாவிலேயே ஒரு மண்டபத்தில் சொன்னேன். தமிழ் வாசிக்க மறந்த கனடாக்காரர் என்றதும் மண்டபம் நன்றாகச் சிரித்தது. மேடையில் இருந்து இறங்கித் தொலைபேசியைப் பார்த்தேன். அங்கே வியாழன் பின்னேரம். வெள்ளவத்தையில் வெள்ளி விடிந்து, அப்பா போய்விட்டார்.

முப்பத்தொன்று முடிந்து கதிரை களஞ்சியத்துக்கு வந்தது. பாஸின் மகன்தான் இப்போது பெயின்ற் வேலை. நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, மற்றப் பெயர்களுக்குக் கீழே அப்பாவின் பெயரைக் கீறினான். தோற்றத் திகதியைக் கீறினான். அவனுக்கும் தமிழ் தெரியாது. தூரிகையைப் பிடித்தபடி, "மெச்சரத மிஸ்?" என்றான். இவ்வளவுதானா என்று கேட்டான்.

நான் கதிரையின் பின்னால் போய் நின்றேன். மற்ற எல்லோருக்கும் மேலே, முதல் பெயருக்குக் கீழே, அந்த மங்கல் இன்னும் இருந்தது. அன்றைக்குக் கனடாக்காரர் வைத்ததுபோல் அதில் விரலை வைத்தேன். அந்த மனிதர் ஒவ்வொரு எழுத்தையும் வாசித்திருந்தார்.